கூப்பிட்டால் இறங்காதவர்

பின்னால் நின்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். காது நன்றாகக் கேட்கும். சிட்னியில் லிட்கம் ரயில் நிலையத்துக்கு அருகே காய்கறிக் கடை வைத்திருந்த இத்தாலியன், அவர் மறந்துவிட்டுப் போன வெங்காயப் பையைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க "லேடி, லேடி" என்று கத்தியபடி ஓடியதை நானே பார்த்தேன். அவர் நடையைக்கூட மாற்றவில்லை. அவன் மூச்சிரைக்க முன்னால் வந்து நின்ற பிறகுதான் அவனை அப்போதுதான் கண்டவர்போலச் சிரித்துப் பையை வாங்கினார்.

"கேட்டதுதானே அக்கா? திரும்பியிருக்கலாம்."

"தேவையெண்டால் முன்னுக்கு வருவான். வந்தான்தானே?"

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு கூப்பாடாகிவிடும்.

நான் சிட்னியில் இறங்கியது எழுபத்துமூன்றாம் ஆண்டின் கடைசியில். இறங்கினேன் என்றால், கப்டனிடம் சொல்லாமல் கப்பலைவிட்டு நடந்து போனேன். ஊர்காவற்றுறையில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு எந்த இடத்திலும் நான் நின்றதில்லை. மெல்பேர்னில் கம்பளி மூட்டை தூக்கினேன். மில்டூராவில் திராட்சை வெட்டினேன். ஒரு குளிர்காலம் ரயில் பாலம் ஒன்றின் கீழே படுத்தேன். குளிர்தான், வேறொன்றும் சொல்வதற்கில்லை. பிறகு திரும்பவும் சிட்னிக்கு வந்து, ஓபர்னில் கார் ரயர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலையில் சேர்ந்தேன். அங்கே விசாக் கடதாசி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் இல்லை.

சனிக்கிழமைகளில் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு தமிழ் டொக்டரின் வீட்டில் புல் வெட்டுவேன். அங்கேதான் அவரை முதலில் கண்டேன். பின்வளவில் ஒரு பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. சேலைக்கு மேலே ஆண்கள் போடும் தடித்த ஓவர்கோட், காலில் கன்வஸ் சப்பாத்து. குசினிக்குள்ளிருந்து டொக்டரின் மனைவி கூப்பிட்டார்.

"இஞ்சரும்! இஞ்சரும், உம்மைத்தான். தேங்காய் காணுமோ?"

இவர் நிமிரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார், இவர் துருவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த அம்மா வெளியே வந்து முன்னால் நின்றார்.

"காது அடைச்சுப் போச்சோ?"

"காணாது. இன்னும் ஒரு பாதி துருவவேணும்" என்று முதல் கேள்விக்கு அமைதியாகப் பதில் சொன்னார்.

அந்த அம்மா உள்ளே போனதும் இவர் என்னைப் பார்த்தார்.

"நீ ராவில வேலையோ, பகலிலயோ?"

"ராவில."

"கப்பலால பாய்ஞ்சனியோ?"

நான் கேற்றைப் பார்த்தேன்.

"பாய்ஞ்ச ஆக்கள் புல்லு வெட்டேக்கயும் கேற்றைப் பாத்துப் பாத்துத்தான் வெட்டுவினம். பின்னேரம் என்னோட வா. இடமொண்டு இருக்கு."

அந்த இடத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லிட்கத்தில் மூடிப்போன ஒரு பழைய வெதுப்பகத்தின் பின்வளவில் செங்கல்லால் கட்டிய குதிரை லாயம். பாண் ரொட்டி வண்டியைக் குதிரை இழுத்த காலத்துக் கட்டடம். கீழே உடைந்த அடுப்புகளும் தகரங்களும் அடைந்துகிடந்தன. மேலே வைக்கோல் போட்டு வைத்த பரண். உள்ளே இருந்த மரப்படி எப்போதோ உக்கி விழுந்துவிட்டது. வெளிச்சுவரில், என் தலைக்கு மேலே இன்னும் ஒரு ஆள் உயரத்தில், ஒரு கதவு. வைக்கோல் கட்டுகளைக் கப்பியால் ஏற்றுவதற்கு வைத்த கதவு அது. அதற்கு ஒரு மர ஏணி சாத்தியிருந்தது.

அவர் சேலையைச் செருகிக்கொண்டு, வெங்காயப் பையைக் கழுத்தில் மாட்டியபடி, கடற்கரையில் தோணிக்குள் ஏறுபவர்போல விறுவிறு என்று ஏறினார். மேலே நின்று சொன்னார்:

"நீ ஏறினாப் பிறகு ஏணியை இழுத்து உள்ளுக்கு எடுக்கவேணும். அதுதான் வாடகை."

உண்மையில் என்னை வைத்துக்கொண்டதே அதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது. அந்த இடத்தில் தனியாக இருப்பவர் வெளியே போனால் ஏணி வெளியில்தான் நிற்கும், யாரும் ஏறலாம். மேலே ஒரு ஆள் இருந்தால்தான் அதை இழுக்க முடியும். "ரெண்டு பேர் வேணும்" என்பார். "ஒராள் கீழ போகேக்க ஒராள் மேல."

நான் விடிய வேலை முடிந்து வருவேன். அவர் ஏணியை இறக்கி, தானும் இறங்கி, ஓபர்னில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்குச் சலவை வேலைக்குப் போவார். நான் ஏறி, ஏணியை இழுத்துவிட்டுப் படுப்பேன். பின்னேரம் அவர் வருவார், நான் இறங்குவேன். எங்கள் பழக்கம் பெரும்பாலும் அந்த ஏணியில் ஏறி இறங்குவதற்குள் நடந்தது. ஒருமுறை டொக்டரின் மனைவி, நான் கேட்கத்தான், "உம்மட வயசுக்கு இளம் பெடியன் ஒருத்தனை வைச்சிருக்கிறீராமே?" என்றார். இவர் தேங்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம், ஏணியில வைச்சிருக்கிறன்."

ஆனால் வந்தால் கூப்பிடக் கூடாது. அதுதான் சட்டம். தட்டவும் கூடாது, கல்லெறியவும் கூடாது. வந்து முற்றத்தில் நிற்க வேண்டும். அவர் தன்பாட்டில் கதவைத் திறந்து பார்ப்பார். நான் போன புதிதில் ஒரு விடியற்காலை நல்ல மழை. தொப்பலாக நனைந்துகொண்டு "அக்கா, அக்கா" என்று கத்தினேன். கதவு அசையவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்ற பிறகு, நெடுநேரம் கழித்து ஏணி இறங்கியது.

"கூப்பிடாட்டி அப்பவே இறக்கியிருப்பன்" என்றார், என் தலையில் ஒரு துவாயை எறிந்து.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் ஓய்வு. மண்ணெண்ணெய் அடுப்பில் மீன் காய்ச்சுவார். நான் அந்தக் கதவில் கால் இரண்டையும் வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பேன். அவர் சட்டியைக் கிளறியபடி கோபுரத்தின் கதையைச் சொல்வார்.

அவர் எங்கள் நாட்டில் மாதகல் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரப் பெண். இளவயதில் கன்னியர் மடத்தில் குசினி வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த சிஸ்ரர்மார் அயர்லாந்துக்காரர்கள். வயதாகித் தங்கள் நாட்டுக்குத் திரும்பியபோது, நல்ல வேலைக்காரி என்று இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்ன ஊர். மடத்தின் பின்மதிலுக்கு அப்பால் ஒரு பாழடைந்த துறவியர் மடம். ஆயிரம் வருடம் இருக்கும். எல்லாம் விழுந்து, கல்லறைகளும் முழங்காலளவு சுவர்களுமே மிச்சம். நடுவில் ஒரு கோபுரம் மட்டும் விழாமல் நின்றது. நம்முடைய கோயில் கோபுரம்போல இல்லை. உருண்டையாக, போகப்போக ஒடுங்கி, உச்சியில் கூர்த்தொப்பி வைத்ததுபோல. அதன் கதவு நிலத்தில் இல்லை. இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது.

"ஏன் தெரியுமோ? கொள்ளைக்காரங்கள் கடலால வருவாங்கள். சாமிமார் ஏறிப்போட்டு ஏணியை உள்ளுக்கு இழுத்திடுவினம். கீழ நிண்டு என்ன செய்ய ஏலும்?"

"நெருப்பு வைக்கலாம்."

"கல்லு எரியுமோ, விசரா?"

அரசாங்கம் அந்தக் கோபுரத்தைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, இது நாட்டின் சின்னம், சேதப்படுத்துபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று ஒரு பலகையும் நட்டிருந்தது. வேலிப் பூட்டின் திறப்பு மடத்துக் குசினியில் தொங்கும். பார்க்க வருபவர்களுக்குத் திறந்துவிடுவது இவருடைய வேலை. வேலியை, கதவுக்குச் சாத்திய ஏணியை, பலகையை எல்லாம் துடைத்து வைப்பதும் இவர்தான்.

"பார் தம்பி, தொட்டால் தண்டனை. ஒரு மனிசருக்குப் பக்கத்தில இப்பிடியொரு பலகை நட்டு நீ எங்கயாவது கண்டனியோ?"

அந்த மடத்தில் எல்லாவற்றுக்கும் மணி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனி மணியடி. நீட்டி ஒன்றும் குறுக்கி ஒன்றும் அடித்தால் இவர் ஓட வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு, மதரின் அறைக்கு, வாசலுக்கு. "அங்க எனக்குப் பேரே இல்லை. ஒரு நீட்டு, ஒரு குறுக்கு. கனவிலயும் அதுதான் அடிக்கும்." பின்னேரத்தில் உருளைக்கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு போய், கோபுரத்துக்குள் ஏறி, ஏணியையும் இழுத்துவிட்டு இருந்து தோல் சீவுவாராம். தடித்த சுவர். மணி அடித்தாலும் உள்ளே கேட்காது. கேட்டாலும், யாரும் வந்து முன்னால் நிற்க முடியாது.

"அந்தக் கொஞ்ச நேரந்தான் தம்பி, நான் ஆரோ ஒருத்தியா இருந்தது."

பிறகு அந்த மடம் அவரைச் சிட்னியில் இருந்த தங்கள் கிளைக்கு அனுப்பியது. அங்கும் மணி. அங்கிருந்து எப்படி வெளியே வந்தார் என்று கேட்டேன்.

"விரிப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். மணி அடிச்சுது. கையில இருந்த விரிப்பைக் கொடியில போட்டன். கிளிப்பும் குத்தினன். பேந்து கேற்றால வெளிக்கிட்டன். அவ்வளவுதான்."

"பாஸ்போட்?"

"மதரின்ர அலுமாரிக்குள்ள."

அதாவது, அவரும் என்னைப்போலத்தான். என்னைத் தேடினால் ஒரு கப்பல் கம்பனி தேடும். அவரைத் தேடினால் அந்த மணி தேடும். அவருக்கு எந்தப் பயம் பெரியது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போவதில்லை. "உந்தக் கோயிலுக்குக் கதவு நிலத்தோட இருக்கு" என்பார். கேலியா உண்மையா என்று சொல்ல முடியாத முகம்.

முதியோர் இல்லத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அங்கே கட்டிலோடு கிடந்த ஒரு கிழவருக்கு, ஆளைக் கூப்பிடுவதற்கு ஒரு கைமணி கொடுத்திருந்தார்கள். அவர் நாள் முழுவதும் அடிப்பார். சலவை அறை வரை கேட்கும். ஒருநாள் இவர் போய் அந்த மணியின் நாக்கில் ஒரு காலுறையைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்துவிட்டார். கிழவர் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார், சத்தமில்லை. மேட்ரன் கண்டுபிடித்துக் கிழி கிழி என்று கிழித்தார்.

அவர் சொல்லி முடிக்குமுன் கேட்டேன். "அந்த மனிசனுக்கு உண்மையா ஏதும் தேவைப்பட்டிருந்தால், அக்கா?"

"தேவைப்பட்டதுதான். தண்ணி தேவைப்பட்டது, தலையணை தேவைப்பட்டது. ஒவ்வொரு விரிப்பு மாத்தேக்கயும் நான் போய் முன்னுக்கு நிண்டு கேட்டனான். அடிக்காமலே கிடைச்சால் ஏன் அடிக்கவேணும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கிழவர் பிறகு இவருடைய கையால் மட்டும்தான் தண்ணீர் குடித்தார் என்று கேள்விப்பட்டேன். இருந்தாலும் அந்தக் காலுறையை நினைத்தால் இப்போதும் எனக்கு நிம்மதியாக இருப்பதில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு பிறந்து கொஞ்ச நாளில் ஒரு செய்தி வந்தது. அதை எனக்குச் சொன்னவர் ரயர் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த சுப்பையா. மதுரைப் பக்கத்து ஆள். அவரும் கப்பலிலிருந்து நடந்து போனவர்தான்.

"ஏப்பா, விசயம் தெரியுமா? கவர்மெண்டு மன்னிப்புக் குடுக்குதாம். ஓடி வந்தவன், ஒளிஞ்சிருக்கவன் எல்லாரும் ஏப்ரல் கடைசிக்குள்ள வந்து பேரப் பதிஞ்சுக்கிட்டா இங்கயே இருந்துக்கலாமாம்."

"பொறியில்லையோ அண்ணை?"

"பொறின்னா எலிக்கு வடை வைப்பான். இவன் வடையே வைக்கலையே, சும்மா வான்னுதான கூப்பிடுறான்!"

சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. பகலில் பரணில் புரண்டுகொண்டு கிடப்பேன். தெருவில் ஒரு கார் நின்றாலும் எழும்பிக் கதவிடுக்கால் பார்ப்பேன். வந்ததிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிப் பார்க்கத் தேவையில்லாமல் போகலாம் என்று தெரிந்த பிறகு அது தாங்க முடியாததாகிவிட்டது.

சுப்பையா முதலில் போனார். மறுநாள் வேலைக்கு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பாத்துக்க. முழுசா வந்துட்டேன். ஒரு விரல்கூடக் குறையல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன்.

"ஆர் கூப்பிடுறது?" என்று கேட்டார்.

"அரசாங்கம்."

"என்னெண்டு கூப்பிடுது?"

"வந்து பதிஞ்சால் ஒண்டும் செய்ய மாட்டினமாம்."

அவர் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டுச் சிரித்தார். "அதே சொல்லு. கோபுரத்துக்குக் கீழ நிண்டு அந்தக் கொள்ளைக்காரங்களும் உதைத்தான் சொன்னவங்கள். இறங்கி வாங்கோ, ஒண்டும் செய்ய மாட்டம். ஏலாமல் போனால் கடைசியாப் பாவிக்கிற ஆயுதம் அதுதான், தம்பி. இறங்கின ஆக்கள் ஒராளும் மிஞ்சேல்லை."

"அது ஆர் சொன்ன கதை?"

"நான் சொல்லுறன்."

"சுப்பையா அண்ணை போட்டு வந்தவர். முழுசாத்தான் வந்தவர்."

"முதல் இறங்கிறவனை ஒருநாளும் தொட மாட்டாங்கள். அவனைக் காட்டித்தானே மற்ற ஆக்களை இறக்கிறது."

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. அவர் சொல்வதைக் கேட்டால் கேட்கிற நேரம் முழுக்க நியாயமாகவே இருக்கும். மாதங்கள் போயின. நான் போகவும் இல்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசி நாள் நெருங்கிவிட்டது. பிடிபட்டால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு முன் மடத்தைத்தான் கேட்பார்கள். பதிந்தால் எந்த மணியும் இல்லாமல் இந்த நாட்டில் இருக்கலாம். இதை அவருக்கு நான் பலவிதமாகச் சொன்னேன். அவர் ஏணியில் இறங்கிக்கொண்டோ ஏறிக்கொண்டோ கேட்டார்.

கடைசி நாளுக்கு முதல் நாள் விடிய, வேலை முடிந்து வந்து முற்றத்தில் நின்றேன். ஏணி இறங்கியது. அவர் சாப்பாட்டுப் பெட்டியோடு இறங்கி வந்து எனக்கு வழிவிட்டார். நான் ஏறவில்லை.

"நான் இண்டைக்கு மேல வரேல்லை, அக்கா. சிற்றிக்குப் பதியப் போறன். நீங்களும் வாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார். மேலே அதை இழுக்க ஆளில்லை. திரும்பி, சாப்பாட்டுப் பெட்டியோடேயே ஏறினார். ஏணி என் கண்ணுக்கு முன்னால் படி படியாக மேலே போனது. அவர் வேலைக்குப் போகாத ஒரு நாளை நான் கண்டது அன்றுதான்.

அரசாங்கக் குடிவரவுக் கந்தோரில் நீண்ட வரிசை. கிரேக்கர், சீனர், எங்கிருந்தோ வந்த பலர், எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் முறை வந்தது. பெயர், கப்பலின் பெயர், வேலை. மேசைக்கு அப்பால் இருந்த மனிதர் தலையை ஆட்டினார், எழுதினார், முத்திரை குத்தினார். அவ்வளவு நாள் பயம், ஒரு முத்திரைச் சத்தம். வெளியே வந்து ஒரு மதிலில் உட்கார்ந்தேன். திரும்பவும் உள்ளே போய், பாஸ்போட் இல்லாத ஒருவர் வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்றார். பழைய முதலாளிகளுக்கு அறிவிப்பீர்களா என்று கேட்டேன். எதற்கு என்றார்.

பின்னேரம் லாயத்து முற்றத்தில் வந்து நின்றேன். வழக்கம்போலப் பேசாமல் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. ரயில்கள் போயின, வந்தன. கதவு திறக்கவில்லை. நாளையோடு முடிகிறது. வேறு வழி தெரியவில்லை.

"அக்கா!"

கதவு ஒரு கையகலம் திறந்தது.

"நீ கூப்பிட்டாய்" என்றார்.

"ஓம். வேற என்ன செய்ய? நாளையோட சரி. விடியவே நான் கூட்டிக்கொண்டு போறன். பாஸ்போட் இல்லாட்டிப் பரவாயில்லையாம், கேட்டனான். மடத்துக்கும் ஒண்டும் அறிவிக்க மாட்டினமாம்."

"ஆர் சொன்னது?"

"அந்தக் கந்தோர்க்காரர். நல்ல மனிசன். ஒண்டும் செய்ய மாட்டம், இறங்கி வ..."

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார். கோபமில்லை.

"நல்ல குரல் தம்பி உனக்கு. இவ்வளவு நாளும் நான் கவனிக்கேல்லை."

சாமான் ஏற்றுகிற கூடை கயிற்றில் இறங்கி வந்தது. "கடதாசியைப் போடு, பாப்பம்." போட்டேன். கூடை மேலே போனது. வாசித்து, மனம் மாறி இறங்குவார் என்று நான் நினைத்தேன். அவருக்கு இங்கிலிஷ் என்னைவிட நன்றாக வரும்.

கூடை திரும்பி வந்தது. என் இரண்டு சேட்டு, ஒரு கால்சட்டை, சீப்பு, எல்லாம் மடித்தபடி. அவற்றின் மேலே பாண் சுற்றிய தாளில் சூடான பிட்டு. அதன்மேல் என் கடதாசி.

"நான் மேல வாறதில்லையோ?"

"உனக்கு இனி ஒளிக்க என்ன கிடக்கு? நீ கீழ உள்ள ஆள்."

"அப்ப நீங்கள் வேலைக்குப் போகேக்க ஏணியை ஆர் இழுக்கிறது?"

அவர் உள்ளே கிடந்த ஏணியைத் திரும்பிப் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் அவர் அப்படித் தாமதித்து நான் பார்த்ததில்லை.

"அது என்ர பாடு" என்று கதவைச் சாத்தினார்.

மறுநாள் வேலை முடிந்து நேரே அங்கேதான் போனேன். அன்று கூப்பிடவில்லை. அவருடைய சட்டப்படி வந்து நின்றேன். வெயில் சுவரில் இறங்கி நிலத்துக்கு வந்தது. வெதுப்பகத்து வளவில் யாரோ ஒரு நாயைக் குளிப்பாட்டினார்கள். கதவிடுக்கில் ஒருமுறை ஓவர்கோட்டின் நிறம் தெரிந்ததுபோல இருந்தது; அவ்வளவுதான். கந்தோர் மூடுகிற நேரம் வந்தது, போனது. நான் இரவு வேலைக்குப் போனேன்.

அதன்பிறகு செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பகல் வேலை கிடைத்து அந்தப் பக்கம் போய்விட்டேன். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனும் வாங்கிக்கொண்டு லிட்கத்துக்கு வந்தேன். ஏணி வெளியே, சுவரில் நேராகச் சாத்தி நின்றது. ஏறிப் பார்த்தேன். பரண் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அடுப்பு இல்லை, சட்டி இல்லை, ஓவர்கோட் இல்லை. யாரும் அவரைப் பிடித்து இழுத்த அடையாளம் எதுவும் இல்லை. கடைசியாக இறங்குபவர் ஏணியை வெளியில்தான் விட வேண்டும்.

முதியோர் இல்லத்தில் கேட்டேன். ஒருநாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை என்றார்கள். மெல்பேர்னுக்குப் போனதாக ஒருவர், சிஸ்ரர்மாரோடு கண்டதாக இன்னொருவர். டொக்டரின் மனைவி, "அந்தாள் கூப்பிட்டாலும் பேசாத ஆள்தானே" என்றார். ஆனால் தேங்காய் துருவும் பலகையை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அது பின்வளவில் சும்மா கிடந்தது. நான் மெல்பேர்னுக்கும் ஒருமுறை போனேன். அவ்வளவு பெரிய ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத ஒருவரை எப்படித் தேடுவது?

எழுபத்தொன்பதாகியும் எனக்கு ஓரிடத்தில் கால் ஊன்றவில்லை. மறுபடி கப்பலேறினேன், இம்முறை முறையாக, கடதாசியோடு. கப்பல் அயர்லாந்தில் தானியம் இறக்க நின்றது. அக்கா சொன்ன ஊரின் பெயர் எனக்கு மறக்கவில்லை. பஸ் எடுத்துப் போனேன்.

கோபுரம் அவர் சொன்னபடியே இருந்தது. புல்வெளி, சாய்ந்த கல்லறைகள், நடுவில் அது ஒன்று மட்டும் ஒரு சாய்வும் இல்லாமல். இரும்பு வேலி. அந்தக் கதவு. மடம் இன்னும் இருந்தது. ஆனால் திறப்பு இப்போது ஒரு இளம் காவலாளியிடம். ஏணி சாத்தியிருந்தது. வேலியருகில் பலகை. இரும்பு வார்ப்புப் பலகை, எழுத்தின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. பல வருடம் ஒரு கை துணி கொண்டு துடைத்தால் அப்படித் தேயும்.

என் அரைகுறைப் படிப்போடு அதை மெல்ல வாசித்தேன். சேதப்படுத்துபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்பது கடைசி வரி. அதற்கு மேலே, இது துறவியர் கட்டிய மணிக்கோபுரம் என்று எழுதியிருந்தது. உச்சியின் நான்கு ஜன்னலிலும் நின்று கைமணி அடித்து, வயலில் நின்றவர்களைத் செபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கூப்பிடுவதற்காக எழுப்பியது.

காவலாளியிடம் கதவு ஏன் அவ்வளவு உயரத்தில் என்று கேட்டேன். அத்திவாரம் ஆழமில்லை, அடியில் வாசல் வெட்டினால் நிற்காது, அதனால்தான் என்றான். கொள்ளைக்காரர்? "அப்படியும் சொல்வார்கள்" என்று தோளைக் குலுக்கினான்.

அவருக்கு வாசிக்கத் தெரியும். அந்தப் பலகையை என்னைவிட நூறு மடங்கு வாசித்திருப்பார்.

ஏணியில் ஏறினேன். உள்ளே தட்டுகள் எல்லாம் உக்கிப்போய், கோபுரம் அடியிலிருந்து உச்சி வரை வெறும் குழாய். மேலே நான்கு ஜன்னல்களின் வெளிச்சம். மணி இல்லை. கதவு வாசலில் உட்கார்ந்து, லிட்கத்தில் இருந்ததுபோலக் காலை வெளியே தொங்கப் போட்டேன். அந்த இடத்துக் கல், உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாக இருந்தது. யார் உட்கார்ந்ததோ. உள்ளே நின்றபோது உண்மையிலேயே வெளியில் உள்ள சத்தம் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் காவலாளி கீழே வந்து நின்று, மூடுகிற நேரமாகிவிட்டது, இறங்கி வாருங்கள் என்று கூப்பிட்டான். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். நல்ல குரல் அவனுக்கு.

அவன் ஏறி வந்து முன்னால் நிற்கும்வரை நான் இறங்கவில்லை.